வில்லிங் எழுதிக் கொடுத்தவர்

மர்பி டவுன்,
ஜூன் 14

அன்புள்ள கணவருக்கு மரகதம் எழுதுவது. இங்கே எல்லாரும், அதாவது நான், சுகம். அங்கே நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "ம்", "சரி", "சாப்ட்டியா" என்ற மூன்றுக்கு மேல் பேசுவதில்லை. அதில் முதலாவது வார்த்தையே இல்லை. கடிதம் என்றால் நான் பாட்டுக்கு எழுதுவேன், நீங்கள் குறுக்கே "ம்" போட முடியாது.

மிலிட்டரி டிப்போ விஷயம் முதலில். உங்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேரை ஏப்ரலில் ஜபல்பூருக்கு அனுப்பினார்கள் அல்லவா, மீதிப் பேரையும் வருகிற மார்ச்சுக்குள் அனுப்பிவிட்டு டிப்போவையே மூடப் போகிறார்களாம். நம் வார்டு சும்மா இல்லை. கார்ப்பரேட்டர் ஷோபா மூடக் கூடாது என்று கார்ப்பரேஷனில் மனு கொடுத்திருக்கிறார். ஷோபா என்று மரியாதைக்கு எழுதுகிறேன். கையெழுத்துதான் அவருடையது, பேச்செல்லாம் புருஷன் மஞ்சுநாத்தினுடையது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருப்பார்.

மனுவில் முதல் காரணமே உங்கள் தீயணைப்பு வண்டிதான். போன மாதம் பஜார் பின்சந்தில் பிளாஸ்டிக் குடோன் பற்றி எரிந்தது. அந்தச் சந்தில் பெரிய வண்டி திரும்பாது. டிப்போவின் சின்ன வண்டிதான் உள்ளே போய் அணைத்தது. டிப்போ போனால் தீப்பிடித்த சந்துக்குள் யார் வருவார்கள் என்று மனுவில் கேட்டிருக்கிறது. கேள்வி நியாயம்தானே?

நான் சமையலுக்குப் போகிற மூன்று வீட்டிலும் சாயந்திரம் லீவு சொல்லிவிட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன். அல்சூர் ஏரிப் பக்கம் வரைக்கும் போய்விட்டேன். இதுவரை இரண்டாயிரத்து நூறு. இருபத்தொன்பதாம் தேதி மிலிட்டரி ஆபீசர் வந்து ஜனங்கள் சொல்வதைக் கேட்கப் போகிறார். முதல் பேட்சில் போனவர் குடும்பம் என்று நான் பேச வேண்டுமாம். யோச்சனெ மாட்பேடி அக்கா, கவலையே வேண்டாம், நீங்கள் மைக் முன்னால் நின்று அழுதாலே போதும் என்றார் மஞ்சுநாத். சொல்லி வைத்து அழ எனக்கு வராது, வேண்டுமானால் திட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரோட்டில் உங்கள் வண்டி மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது கையை ஆட்டினீர்களா? டியூட்டியில் ஆட்டக் கூடாதாம். ஆனாலும் நம் சந்து முனையில் தலையைக் கொஞ்சம் திருப்புவீர்கள். இப்போது அந்த இடத்தில் உட்காருகிறவர் நேராகப் பார்த்துக்கொண்டே போகிறார். அவரைச் சொல்லி என்ன.

உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. ஆர்டர் போட்டுக் கொண்டுபோனவர்களிடமிருந்து உங்களைத் திருப்பி வாங்காமல் விட மாட்டேன்.

இன்னொரு ஆளைப் பற்றி நீங்களும் கேட்பதில்லை, நானும் எழுதுவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

முனீஸ்வரன் உங்களுக்குத் துணை.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்காக ஊரையே கையெழுத்துப் போட வைக்கும்
மரகதம்


மர்பி டவுன்,
ஜூலை 1

நேற்று முன்தினம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. நானூறு பேர் இருப்பார்கள். கவுன்சிலர்கள் ஆறு பேர், வேறு வேறு கட்சி, அன்றைக்கு மட்டும் ஒரே பெஞ்சில். எதிரே ஒரு கர்னல். அவர் சொல்கிற இந்தியைத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்ல டிப்போ ஆபீஸ் கிளார்க் தேசிகன்.

நான் பேசினேன். இருபத்தாறு வருஷம் ஒரு வீட்டில் இருந்தவர்களை ஒரு தாளில் ஆர்டர் அடித்துப் பிரித்துவிட்டீர்கள், என் புருஷன் என்ன பெட்டியா படுக்கையா தூக்கிக்கொண்டு போக என்று கேட்டேன். நல்லாத் திட்டினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது.

கர்னல் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதல் பேட்சில் யாரையும் ஆர்டர் போட்டு அனுப்பவில்லை, போக விருப்பம் என்று எழுதிக் கொடுத்தவர்களைத்தான் அனுப்பினோம் என்றார். லிஸ்டைத் தேசிகன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏழாவது பெயர் உங்களுடையது. தேசிகன் அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அண்ணனே வில்லிங் எழுதிக் குடுத்திருக்காரு. பிப்ரவரி ஒம்பதாந்தேதி. ஆர்டர்லாம் ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உங்களோடு வேலை பார்த்த முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. டிப்போவுக்கே தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் வீட்டு வாசலில் என் புருஷனை மிலிட்டரி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் புலம்பியபோது எத்தனை பேர் உள்ளே போய்ச் சிரித்தார்களோ.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷோபாதான் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். மஞ்சுநாத் ஏதோ சொல்ல வாய் திறந்தார், நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவே பேசினார். போனவர் விரும்பிப் போனாரோ விரும்பாமல் போனாரோ, சந்தில் தீப்பிடித்தால் வண்டி வேண்டும், டிப்போவை நம்பி இருக்கிற எண்ணூறு குடும்பத்துக்குச் சோறு வேண்டும், கார்ப்பரேஷன் இதை ஒத்துக்கொள்ளாது என்று கால் மணி நேரம் பேசினார். நம் கார்ப்பரேட்டருக்குக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் வார்டுக்குத் தெரிந்தது. எனக்கு அது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது.

ஏன் பொய் சொன்னீர்கள்? ஆர்டர் வந்துவிட்டது, என்ன செய்வது மரகதம் என்று சொன்னீர்களே. டிரங்குப் பெட்டியில் உங்கள் சட்டைகளை அடுக்கிக்கொண்டே அழுதேன், பார்த்துக்கொண்டு நின்றீர்களே. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். அல்சூரிலோ ஆஸ்டின் டவுனிலோ ஒரு ரூம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆயிரம் மைல் வேண்டுமா?

நீங்கள் பொய் சொன்ன பிறகு நான் மட்டும் எதற்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும்? நானும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் மகா இங்கேதான் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஜூன் முதல் வாரம் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஹெர்பர்ட்டைக் கட்டிக்கொண்ட அன்று முனீஸ்வரன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தீர்களே, நான் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அவள் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்று, மறக்கவில்லை. நீங்கள்தான் இப்போது இந்த வீட்டில் இல்லையே. நீங்கள் படுக்கிற கட்டிலில்தான் படுக்கிறாள்.

ஹெர்பர்ட் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மீன் வாங்கிக்கொண்டு வருவார். வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாங்க என்றால், மாமா சொல்லட்டும் அத்தை என்கிறார். நல்ல பிள்ளை. நீங்கள் ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கோபத்தில் எழுதுகிறேன். அதனால் பொய் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவிதான்,
மரகதம்


மர்பி டவுன்,
செப்டம்பர் 12

மகா அப்பாவுக்கு,

பெண் குழந்தை பிறந்ததைப் போனில் சொன்னேன். இப்போது ஐந்து வாரம் முடிந்துவிட்டது. மகாவுக்குத் தையல் ஆறிவிட்டது. குழந்தை பகலெல்லாம் தூங்கி ராத்திரியில் கச்சேரி வைக்கிறாள். மூக்கு உங்கள் மூக்கு. பெண் பிள்ளைக்கு இந்த மூக்கா என்று கவலையாக இருந்தது, பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது.

என் போன கடிதம் கிடைத்த அன்று நீங்கள் கூப்பிட்டீர்கள். "ம்" கூடச் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. பத்து நிமிஷம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்கிறார் என்று கேட்டீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

போன வாரம் முனிகிருஷ்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிப்ரவரி ஏழாம் தேதி நான் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, உங்கள் மகளுக்கு மூன்று மாதம் என்று சொன்னேன். நீங்கள் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போனீர்கள். கல் மனசு என்று அன்றைக்கு உங்களைத் திட்டினேன். இரண்டு நாள் கழித்து ஆபீசில் வில்லிங் கேட்டபோது, எதற்கண்ணா இந்த வயதில் என்று முனிகிருஷ்ணன் தடுத்தாராம். நீங்கள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

"தலைச்சன் பிரசவம் அம்மா வீட்லதான் நடக்கணும் முனி. நான் அங்க இருந்தா எம்பொண்ணு எப்டி உள்ள வருவா?"

அவர் போன பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே சுவரில் நீங்கள் அடித்த கம்பி இருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் எதற்கு இது என்று கேட்டதற்கு, உன் முட்டிக்கு என்றீர்கள். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. மகாதான் ஒன்பது மாத வயிற்றோடு அதைப் பிடித்துப் பிடித்து எழுந்தாள்.

சத்தியத்தை விட மனசு வரவில்லை, மகளையும் விட மனசு வரவில்லை. அதற்கு என்னை விட்டுவிட்டுப் போனீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களைப் போக விட்டிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய் இப்போது வேறு ஒரு கோபம் வந்திருக்கிறது. அதற்கு மருந்து நீங்கள் நேரில் வருவதுதான்.

டிப்போ செய்தி அங்கேயும் வந்திருக்கும். கார்ப்பரேஷனில் எல்லாக் கட்சியும் சேர்ந்து தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பினார்கள். மூடுவதை இரண்டு வருஷம் தள்ளி வைத்திருக்கிறார்கள். முதல் பேட்சில் போனவர்கள் திரும்ப வர விரும்பினால் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு அங்கேதான் நிரந்தரம். நேற்று தேசிகனிடம் கேட்டேன். ஜபல்பூரிலிருந்து பதினோரு பேர் பெயர் வந்துவிட்டதாம். உங்கள் பெயர் வரவில்லை.

ஷோபா டெல்லிக்கு ஒரு சிபாரிசு எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்ப்பரேஷன் டிப்போ மூடுவதைத்தான் நிறுத்தி வைக்க முடியும். உங்களை வரவழைப்பது அவர்கள் வேலை இல்லை.

மகாவுக்கும் எல்லாம் தெரியும். நேற்று குழந்தைத் துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, அப்பா வரட்டும்மா, நான் ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்கே போய்விடுகிறேன், அவர் வாக்கு அவருக்கு நிற்கட்டும் என்கிறாள். உங்கள் பெண்தான், சந்தேகமே வேண்டாம். ஒருத்தர் வருவதற்கு ஒருத்தர் போவது என்று அப்பாவும் மகளும் ஏற்பாடு செய்துகொள்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி இருப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. பையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

நான் அவளை அனுப்ப மாட்டேன். நீங்கள் இல்லாமலும் இருக்க மாட்டேன். காலையில் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய், அவர் அணைத்த கற்பூரத்தின் பாவம் இனி என்னைச் சேரட்டும், அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாமி ஒத்துக்கொண்டதோ இல்லையோ, நான் ஒத்துக்கொண்டேன். என்ன வந்தாலும் என் தலைமேல் வரட்டும். நீங்கள் வந்து சேருங்கள்.

உங்கள் பேத்தி நூறு வயது இருக்க வேண்டும். அதில் நீங்கள் பார்க்காத முதல் ஐந்து வாரம் போய்விட்டது.

போன தடவை என்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள். இந்தத் தடவையும் சொல்ல வேண்டாம். போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
மகளையும் பேத்தியையும் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும்
மரகதம்