உன் பெயரில் நான் நிரப்பிய படிவம்

லான்ஜோ
மே 9

அன்புள்ள யுவேஜென்,

உன் கைப்பேசியை அப்பா வாங்கிப் பூட்டி வைத்துவிட்டதாக உன் சித்தி மகள் சொன்னாள். அதனால்தான் காகிதம். உறையில் தபால்தலையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்றுகூட இனிமேல்தான் கேட்க வேண்டும்.

உடம்பு தேவலையா? சாப்பிடுகிறாயா? விடுதி அறையில் உன் கட்டில் திரையை இன்னும் கழற்றவில்லை. நம் அறைத்தோழி பாய் லின் அதன்மேல் துணி காயப்போடுகிறாள். நேற்று மாட்டிறைச்சி நூடுல்ஸில் மிளகாய் எண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றிச் சாப்பிட்டேன். காரமே தெரியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எல்லாமே அப்படித்தான்.

அக்டோபரில் வந்த படிவம் ஞாபகம் இருக்கிறதா? இணையம், விளையாட்டு, கைப்பேசி என்று மூன்று பகுதி. நாற்பத்தாறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் யார் எவ்வளவு அடிமை என்று தெரிந்துவிடுமாம். நம் வகுப்பைக் கவனிக்கும் ஆலோசகர் ஹௌ என்னைக் கூப்பிட்டு, "வகுப்புத் தலைவி நீதானே? மதியத்துக்குள்ள முப்பத்தெட்டு படிவமும் வந்தாகணும். ஒண்ணு கொறஞ்சாலும் மானம் போயிடும்" என்றார். முப்பத்தேழு வந்துவிட்டது. நீ மூன்று நாளாகக் கட்டில் திரைக்குள்ளேயே கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாய். "ஏய் தலைவியம்மா, ஆட்டத்துக்கு நடுவுல உசுர வாங்காதடி. நீயே எதையாவது போட்டுக் குடுத்துடு" என்றாய்.

போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒன்று. மதிப்பெண் அதிகமானால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள், உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நம் அறைக் கதவில் தொங்கும் 'சிறந்த அறை' சிவப்புக் கொடி பறிபோய்விடக் கூடாது என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொடிதான் பெரிய காரணம்.

வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் உனக்கு. அதிகம் வாங்கிய நான்கு பேரை வாராவாரம் கூப்பிட்டுப் பேசினார்கள். நால்வரும் இப்போது ஒழுங்காக வகுப்புக்கு வருகிறார்கள். உன்னை யாரும் கூப்பிடவில்லை. ஐந்து பாடத்தில் தோற்றாய். மார்ச்சில் குளியலறையில் மயங்கி விழுந்தாய்.

அப்பா உன்னை அழைத்துப் போக வந்த அன்று, ஆலோசகர் படிவத்தை மேசையில் போட்டார். "ஒரு பிரச்சினையும் இல்லன்னு ஒங்க பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா. நாங்க என்ன பண்ண?" அப்பா உன்னை அறைந்தார். "படிக்கலன்னாகூடப் பொறுத்துக்குவேன். பொய் சொல்லத் துணிஞ்சிட்டியேடி!" என்று கத்தினார். நீ வாயைத் திறக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தேர்வு எழுதாமலே மேல்படிப்புக்கு இடம் பெறுவோர் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. இரண்டு மாதம் நான் பேசாமல் இருந்தது அதற்காகத்தான். இன்று காலை ஆலோசகரிடம் உண்மையைச் சொன்னேன். "பைத்தியமா ஒனக்கு? போன பொண்ணுக்காக இருக்கிறதையும் கெடுத்துக்காதே" என்றார். துறைத் தலைவரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். பட்டியலில் இனி என் பெயர் இருக்காது.

இருபத்தைந்தாம் தேதிக்குள் விடுப்பு விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால் உனக்கு ஓராண்டு விடுப்பு கிடைக்கும். இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். பொய்க்காரிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொன்னாராம்.

படிவத்தை நிரப்பியது நான்தான் என்பதற்குச் சாட்சியாகக் கீழே சிவப்பு மையில் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். என்னை நீ மன்னிக்க வேண்டாம். இதைக் கிழித்துப் போடாமல் அப்பா கையில் கொடு. அவர் படிக்கும்போது எழுந்து உள்ளே போய்விடாதே. பக்கத்திலேயே இரு.

பொய் எழுதியவள்,
டோங் ஷூலான்