மாணவன் அல்லாத பதினான்கு வாரங்கள்

லீட்ஹாம் சாலை 118, மாடி அறை
4 அக்டோபர் 2023

அன்புள்ள தெல்மா,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். உன் முழங்காலைப் பற்றி மட்டும் உண்மையாகவே கேட்கிறேன், பதில் எழுது.

இங்கே நகரசபையில் உட்கார்ந்திருக்கும் மேதாவிகள் எனக்கு முந்நூற்று எண்பத்தொரு பவுண்ட் கவுன்சில் வரி, குடியிருந்ததற்கு வரி, போட்டிருக்கிறார்கள். நான் காலிசெய்துவிட்டு வந்த மாணவர் வீட்டுக்கு! நாங்கள் நால்வரும் மாணவர்களாக இருந்தவரை அந்த வீட்டுக்கு வரியே கிடையாது. ஜூன் 14-ல் என் படிப்பு முடிந்தது. மற்ற மூவருக்கும் இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஆகவே அன்றிலிருந்து செப்டம்பர் 20 வரை, பதினான்கு வாரம், அந்த வீட்டில் மாணவன் அல்லாத ஒரே மனிதன் நானாம். மொத்த வரியும் என் தலையில். சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரியாத அந்த மூன்று பேருக்கும் ஒரு பைசா இல்லை. கணக்கில் ஒரே ஆள் என்பதால் கால் பங்கு தள்ளுபடி செய்திருக்கிறோம் என்று பெருமையாக ஒரு வரி வேறு எழுதியிருக்கிறார்கள்.

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு விதி தெரியாதா? நூலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்து நானே படித்துவிட்டேன். ஆறு பக்கத்தில் மறுப்பு அனுப்பியிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே அவர்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

உன்
நெவில்


பிரேஸ் தெரு 9
11 அக்டோபர் 2023

அன்புள்ள நெவில்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறும்போது வலி, இறங்கும்போது அதைவிட வலி. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மறுபடி நின்றுவிட்டது. இரண்டு நாள் கோட்டைப் போட்டுக்கொண்டே சமைத்தேன்.

உன் ஆறு பக்கத்தில் என்ன எழுதினாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூனில் படிப்பு முடிந்துவிட்டது. செப்டம்பர் வரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?

தெல்மா


லீட்ஹாம் சாலை 118
19 அக்டோபர் 2023

அன்புள்ள தெல்மா,

வாடகை செப்டம்பர் வரை கட்டியிருந்தேன், இருந்தேன். கட்டிய வாடகையை வீட்டுக்காரனுக்குத் தானம் செய்யச் சொல்கிறாயா?

நல்ல செய்தி உண்டு. நேற்று நகரசபை அலுவலகத்துக்கே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், மூன்று வாரமாக நான் போனில் சண்டை போட்ட அதே ஆள். சூயிங்கம் மென்றுகொண்டே என் ஆறு பக்கத்தையும் புரட்டினாள்.

"ஐயா, இதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு வேற எங்கயாவது சொந்த வீடு இருக்கா?"

"ஏன் இல்லாம? பொண்டாட்டி இருக்கா, வீடு இருக்கு. முப்பத்தெட்டு வருஷமா இருக்கு."

"அப்ப அதுதான் உங்க வீடு. இங்க சும்மா தங்கியிருந்தீங்க. அவங்க ஒரு கையெழுத்து போட்டா பில்லு ரத்து."

"இத மூணு வாரமா ஏம்மா சொல்லல?"

"நீங்க கத்துறதுக்கு நடுவுல எனக்கு இடமே கிடைக்கல, ஐயா."

இந்த வாய்க்கு அரசாங்கச் சம்பளம்! போகட்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. அந்தப் பதினான்கு வாரமும் என் வீடு பிரேஸ் தெரு 9 தான் என்று எழுதி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. தனியாக இருப்பவள் என்று உனக்கு அங்கே கிடைக்கும் தள்ளுபடி அந்த வாரங்களுக்கு மட்டும் போகும். அந்த நூற்றுச் சொச்சத்தை நானே தருகிறேன். திரும்பி அனுப்ப உறையில் தபால்தலை ஒட்டி வைத்திருக்கிறேன்.

உன்
நெவில்


பிரேஸ் தெரு 9
2 நவம்பர் 2023

நெவில்,

படிவத்தை இரண்டு வாரம் சமையல் மேசையில் வைத்திருந்தேன். கையெழுத்துப் போடவில்லை. பணத்துக்காக இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், அறுபத்து நாலு வயசில், பெட்டியோடு வாசலில் நின்றாய். "இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா பட்டம்?" என்று கேட்டேன். தப்புதான், கேட்டிருக்கக் கூடாது. நீ என்ன சொன்னாய்? "உன்கூட இருந்து மூளை துருப்பிடிச்சதுதான் மிச்சம்." தெருவுக்கே கேட்டது. அடுத்த திங்கட்கிழமை நான் இங்குள்ள கவுன்சிலுக்குப் போன் செய்து, இந்த வீட்டில் இனி ஒரே ஆள் என்று சொன்னேன். போனை எடுத்த பெண், "இறந்துட்டாராம்மா?" என்று கேட்டாள். "இல்ல, படிக்கப் போயிருக்கார்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அதன்பின் இரண்டு முறை வந்தாய். ஒரு கிறிஸ்துமஸுக்கு. இன்னொரு முறை குளிர்கோட்டை எடுக்க.

ஜூலையில் பட்டமளிப்பு விழாவுக்கு நுழைவுச்சீட்டு அனுப்பினாய். உறையில் சீட்டு மட்டும்தான் இருந்தது. வா என்று ஒரு சொல் இல்லை. கோர்ட் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. இப்போது படிவம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வரட்டுமா என்று இதுவரை நீ கேட்கவில்லை. வீட்டில் இருந்ததாக எழுதிக் கொடு என்கிறாய்.

தபால்தலையை உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

தெல்மா


லீட்ஹாம் சாலை 118
6 நவம்பர் 2023

தெல்மா,

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பெரிய புராணமா? வீட்டுப் பத்திரத்தில் என் பேர் இருக்கிறது. கூரைக்கு ஓடு மாற்றியது நான். தோட்டத்துக் கொட்டகையில் என் சாமான் இருக்கிறது. வீடு எங்கே இருக்கிறது என்பது சட்டம். அதில் உன் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

நகரசபை என் மறுப்பைத் தள்ளினால் தீர்ப்பாயத்துக்குப் போவேன். உன் கையெழுத்து இல்லாமலே நிரூபிப்பேன். நீ பொய் சொல்கிறாய் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன்.

நெவில் ஹெஸ்கெத்


பிரேஸ் தெரு 9
30 ஜனவரி 2024

நெவில்,

உன் நகரசபை எனக்குக் கடிதம் போட்டுக் கேட்டது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். அவர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தெல்மா


லீட்ஹாம் சாலை 118
17 மே 2024

தெல்மா,

நேற்று தீர்ப்பாயம். கணினியிலேயே நடத்தலாம் என்றார்கள், நேரில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் முழு நேரமும் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரம், ஓடு வாங்கிய ரசீது, கொட்டகையின் படம், எல்லாவற்றையும் எண்ணிட்டு வைத்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். எதிர்த்தரப்பாக வந்த நகரசபை ஆளுக்கு டை கூட நேராகக் கட்டத் தெரியவில்லை.

கடைசியில் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"மிஸ்டர் ஹெஸ்கெத், உங்க வீடுன்னு சொல்றீங்களே, அங்க குப்பை வண்டி என்னிக்கு வரும்?"

என்ன கேள்வி இது! சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது?

"செவ்வாய்" என்றேன்.

கோணல் டைக்காரன் காகிதத்தைப் புரட்டினான். "செவ்வாய் இல்லீங்க மேடம். மாத்தி ரெண்டு வருஷமாச்சு. அந்த ஊர்ல விசாரிச்சிட்டேன்."

தலைவி எழுதிக்கொண்டாள். பிஸ்கட்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்த அற்பக் கேள்வியில் போயிற்று என் ஆறு பக்கமும். தீர்ப்பு இனிமேல்தான் தபாலில் வருமாம். நான் காத்திருக்கவில்லை. இன்று காலையே போய் முந்நூற்று எண்பத்தொன்றையும் கட்டிவிட்டேன். அவர்கள் சொல்லிக் கட்டினேன் என்று இருக்க வேண்டாம். சூயிங்கம் பெண், "ரசீது வேணுமா ஐயா?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் வரை அங்கே என்ன செய்தாய் என்று நீ முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. விழா ஜூலை 12. நீ வருவாய், சாயங்கால ரயிலில் இருவரும் ஒன்றாகத் திரும்பலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலி. அறைக்கு வந்து பெட்டியை அவிழ்த்தேன். அதன்பின் எங்கே போவது என்று தெரியவில்லை. அங்கேயே இருந்துவிட்டேன். வாடகைக்காக இல்லை.

இதைத் தீர்ப்பாயத்தில் அந்த மூவரிடம் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது ஒரு கேடா?

நீ பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நெவில்


பிரேஸ் தெரு 9
21 மே 2024

அன்புள்ள நெவில்,

வியாழக்கிழமை. ஒரு வாரம் கறுப்புக் குப்பைத் தொட்டி, மறு வாரம் நீலம். காலை ஏழுக்குள் வாசலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கறுப்புத் தொட்டியின் ஒரு சக்கரம் போய்விட்டது. இந்த முழங்காலோடு என்னால் இழுக்க முடியவில்லை. இந்த வாரம் கறுப்பு.

தெல்மா