ரிப்பன் இல்லாத ஒயர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

போன் பண்ணினால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

அப்பா ரிப்பேர் பார்த்த லிப்டில், பெருக்கித் துடைக்கும் அம்மா ஒருவருக்குக் கால் உடைந்துவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. கதவைத் திறந்து வைத்து லிப்டை ஓட்டிப் பார்க்க, கதவு மூடியிருப்பதாக லிப்டை ஏமாற்ற, பூட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன ஒயரைச் சொருகுவார்கள். வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கவில்லை. அந்த அம்மா ஏறும்போதே, கதவு மூடாமல் லிப்ட் கிளம்பிவிட்டது. அப்பாதான் மறந்தார் என்கிறது கம்பெனி. இருபதாம் தேதி விசாரணை. அவர் சார்பில் ஒருவர் பேசலாமாம். நான் போகிறேன். "காலேஜையே முடிக்கத் தெரியல, இந்த அரைகுறை போய் கேஸை முடிக்கப் போகுதாம்" என்றாள் அம்மா.

வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் துருவிவிட வேண்டுமென்று பத்து நாள் அலைந்தேன். அன்று அப்பா வேலை முடித்துக் கிளம்பிய பிறகு, கம்பெனி சூப்பர்வைசர் லிப்ட் மெஷின் இருக்கும் மொட்டை மாடிக்குப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். வாட்ச்மேனின் வருகை நோட்டில் அவர் கையெழுத்து இல்லை. எதற்குப் போனீர்கள் என்றால், "நீ யாரும்மா, வக்கீலா?" என்கிறார். ஆள் கண்ணைப் பார்த்துப் பேசுவதே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சிக்கியது. அப்பா தன் ஒயரில் உன் பழைய ஸ்கூல் ரிப்பனைக் கட்டியிருப்பார், மறந்தால் வெளியே தொங்கிக் காட்டிக்கொடுக்கட்டும் என்று. லிப்டில் கிடைத்த ஒயரில் ரிப்பனே இல்லை. அப்படியென்றால் அது அப்பாவுடையது இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணினேன்.

பிறகு அந்த சூப்பர்வைசராக நானே உட்கார்ந்து என்னைக் கேட்டுப் பார்த்தேன். சரி, உங்கப்பா ஒயர் எங்கே?

டூல்ஸ் பையைக் கொட்டினேன். இல்லை. அன்று போட்டிருந்த சட்டைப் பையில் ரிப்பன் மட்டும், நூறு முடிச்சு போட்டு அவிழ்த்த மாதிரி கசங்கிக் கிடந்தது. மனசு சரியில்லையென்றால் கையில் இருப்பதைத் திருகுவாரே. என் ரிசல்ட் வந்த அன்று சட்டையில் மூன்று பொத்தான் போனது.

அப்பாவின் போனையும் பார்த்தேன். அன்று மூன்று பத்துக்கு, அவர் அந்த லிப்டில் வேலையாக இருந்தபோது, நீ கூப்பிட்டிருக்கிறாய். நாற்பத்தொரு நிமிஷம். மாதத்துக்கு இரண்டு நிமிஷம் பேசுகிறவள் நீ. நீ பேசப் பேச ரிப்பனை ஒயரிலிருந்து அவிழ்த்துத் திருகியிருக்கிறார்; லிப்டில் கிடைத்தது அப்பா ஒயர்தான். அப்பாவிடம் கேட்டேன். "சும்மா பேசினா. அவளை அங்க இழுக்காத" என்றார். வேலை போனாலும் பரவாயில்லையாம். சூப்பர்வைசர் மாடிக்குப் போனது சிகரெட் பிடிக்க என்பதும் பிறகு தெரிந்தது. அவ்வளவுதான்.

ரிப்பனை எரித்துவிட்டால் ஜெயித்துவிடலாம். ஆனால் அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். எரிக்கவில்லை. அப்பா மறந்தார் என்று நானே சொல்லப்போகிறேன், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை என்று. ஏன் மறந்தார் என்று கேட்பார்கள். அந்த ஒரு பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். நலமா? நலம் என்று எழுதினால் நம்ப மாட்டேன். இங்கே நம் வீட்டில் உன் கட்டிலில் குவித்திருந்த என் துணியையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

உன்,
அரைகுறை