கரண்ட் இல்லாத ஆராய்ச்சிக்கூடம்

கணபதி, கோவை
9.11.1997

அன்புள்ள பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், ஜப்பானில் நீயும் அப்படியே இருக்க சென்னிமலை முருகன் துணையிருக்கட்டும். அங்கே குளிர் வந்துவிட்டதாக எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை.

கண்ணு, பதினாறு வருஷமாகச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிய மோட்டார் கம்பெனியை விட்டுவிட்டேன். யாரும் அனுப்பவில்லை, அருவருத்துப் போய் நானேதான் வந்தேன். வெளிநாட்டு மோட்டார்கள் வரப்போகின்றன, போட்டியில் நிற்க வேண்டுமானால் சொந்தமாக ஆராய்ச்சி செய்யுங்கள், செய்தால் வரியில் சலுகை என்று கவர்ன்மென்ட் சொன்னதாம். நல்ல காரியம்தானே. வோல்டேஜ் குறைந்தால் நம் போர்வெல் மோட்டார் ஏன் கருகுகிறது என்று இனியாவது பார்ப்பார்கள் என நம்பினேன். முதலாளி என்ன செய்தார் தெரியுமா, பழைய பெயின்ட் ரூமுக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, ஏதோ ஒரு காலேஜிலிருந்து மெஷின்களை இரவல் வாங்கி அடுக்கி, ஆராய்ச்சிக்கூடம் என்று போர்டு வைத்தார். டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்த அன்று மேனேஜர் நரசிம்மலு, என்னையும் என் பக்கத்தில் காயில் சுற்றும் உம்மல் குல்சுமையும் கூப்பிட்டு வெள்ளைக் கோட்டு கொடுத்தார். "ஏனுங்கம்மா, சும்மா அந்தக் குமிழைத் திருப்பிட்டு நோட்டுல ஏதாச்சும் நம்பர் எழுதுங்க, போதுமுங்க" என்றார். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் என்னிடம் நின்று, என்னம்மா அளக்கிறீர்கள் என்று கேட்டார். "ஒண்ணும் அளக்கலீங்க, இதுக்குக் கரண்ட்டே குடுக்கலீங்க, ஒயரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். குல்சும் என் கையைக் கிள்ளினாள், பாவம், அவள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். அவர் குனிந்து ஒயரைப் பார்த்தார். தரையில் கிடந்த பிளக்கையும் பார்த்தார். பிறகு சிரித்து, இந்தம்மா தமாஷாகப் பேசுகிறார் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அங்கீகாரக் கடிதம் வந்தது, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அன்றைக்கே பல்லடத்து விவசாயி ஒருவர் கருகிய மோட்டாரை மூன்றாவது தடவையாக டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்தார், அவரிடம் பேச ஆளில்லை, லட்டு மட்டும் நீட்டினார்கள். அந்த வெள்ளைக் கோட்டை மடித்து நரசிம்மலு மேஜையில் வைத்தேன். "நீங்க பேசுனதால ஒண்ணும் ஆகலீங்களே, அப்புறம் ஏனுங்க போறீங்க" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகலைன்னுதானுங்க போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது போத்தனூரில் ராசப்பன் என்பவரின் மோட்டார் பட்டறையில் வேலைக்கு இருக்கிறேன், மொத்தம் ஐந்து பேர். சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் மோட்டாரை இறக்கி, வோல்டேஜைக் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பார்க்கிறார், நான் காயிலை மாற்றி மாற்றிச் சுற்றித் தருகிறேன். மூன்று கருகிவிட்டன, நாலாவது ஒன்பது நாளாக ஓடுகிறது. எந்தச் சலுகையும் அவருக்குக் கிடையாது, விண்ணப்பம் இங்கிலீஷில் நாற்பது பக்கமாம்.

நீயும் அங்கே லேபில் அளக்கிற வேலையில்தான் இருக்கிறாய். அளக்காத நம்பரை எழுதச் சொன்னால் எழுதாதே, வந்துவிடு, நமக்குச் சோறு இருக்கிறது. தீர்க்காயுசாக, நிமிர்ந்த தலையோடு இரு தங்கம். மறந்துவிடாதே, ஓடுகிற மோட்டாரின் காயிலுக்குள் எவ்வளவு சூடு என்று அங்கே எப்படிப் பார்க்கிறார்கள், விசாரித்து உடனே எழுது. ராசப்பன் தினமும் கேட்கிறார்.

உன் அம்மா,
மாசாணியம்மாள்