கோட்டுப் பையில் இருந்த இலை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "வழியெல்லாம் உங்கப்பா வாயே தொறக்கலக்கா" என்றான் உங்களோடு இறங்கிய சுமைதூக்கிப் பையன் எலியாமனி. அதனால்தான் எழுதுகிறேன்.

பராஃபூ முகாமில் உங்களைப் பார்த்ததுமே, உங்கள் கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்த இசாலே இலையையும் பார்த்துவிட்டேன். நம் வாசல் வேலியில் பறித்ததுதானே? கிளிமஞ்சாரோவில் எரிமலைச் சாம்பலும் கல்லும் தவிர ஒன்றுமில்லாத அந்த உயரத்துக்கு, கூலிக்குத் தூக்கிய சமையல் பாத்திரங்களோடு அதையும் சுமந்து வந்திருக்கிறீர்கள். அந்த இலையை நீட்டுகிறவரை மன்னித்தே ஆக வேண்டும் என்பது நம் ஜனங்களில் யாருக்குத் தெரியாது? சுமைதூக்கிகளுக்கும் தெரியும்.

"என்ன பெரியவரே, ஆட்டுக்குத் தழையா? இங்க ஏது ஆடு?" என்று தெரியாததுபோல் சிரித்தார்கள்.

அவர்கள் முன்னால் நீங்கள் மகளிடம் தலைகுனிவதா? "கொஞ்சம் நில்லும்மா" என்றீர்கள். "வழுக்கும், பாத்து எறங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

வழிகாட்டி வேலைக்கு நான் கிளம்பியபோது, "பொம்பளைக்கு எதுக்குடி மலை?" என்று கத்தினீர்களே, அந்தக் கோபமெல்லாம் எனக்கு என்றோ போய்விட்டது.

நள்ளிரவு இருட்டில் கிளம்பி, மலையேற வந்தவர்களை உச்சிக்குக் கூட்டிப்போய், விடிந்தபின் திரும்பினேன். என் கூடார வாசலில், காற்று அடித்துப் போகாதபடி ஒரு கல்லை வைத்து, அதன் அடியில் அந்த இலை. பனியில் விறைத்திருந்தது. எடுத்ததும் இரண்டாக ஒடிந்தது.

வாங்கிக்கொண்டேன், அப்பா. உங்கள் கையிலிருந்தே வாங்கியிருக்கலாம்.

உங்கள் மகள்