பூட்டிய ஆலயம்

சான் ரமோன் குன்று, குவாதமாலா
1996 செப்டம்பர் 17

கர்த்தருக்குள் அன்பான எலியாஸ்,

போன வாரம் அனுப்பிய காப்பிப்பொடி வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுதக்கூடாதா? உங்கள் வேதாகமப் பள்ளியில் பேனா கிடைப்பதில்லையா?

இங்கே ஒன்பதாவது நாளாக மழை. போதகர் வெளியூரில் இருக்கிறார். ஆலயச் சாவியை என்னிடம் கொடுத்துப் போனார். நம் வழக்கப்படி வியாழன் காலை சபை உபவாசத்துக்குள் போகிறது. கதவைச் சாத்தினால் மழை விடும்வரை யாரும் வெளியே வரமாட்டார்கள். குழந்தைகளோடு நாற்பத்தொரு பேர்.

ஆலயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு. ஞாயிறன்று விரல் நுழைந்தது. இன்று முழங்கை வரை போகிறது. ஞானம் கேட்டு ஜெபித்தேன். எழுந்தபோது மனதில் ஒன்றுதான் இருந்தது: உள்ளே போகக்கூடாது.

மூப்பர் என்பதால் உங்கள் அப்பாவிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும் சிரித்தார். "போன வருஷம் ஆறு வருது ஆறு வருதுன்னு ஊரையே மேட்டுக்கு ஓட வச்ச. என்ன வந்துச்சு? நாலு தவளை வந்துச்சு. பயத்துக்கு ஞானம்னு பேரு வைக்காத, பிள்ள."

அன்று நான் தவறியது உண்மைதான். இது தேவன் தந்ததா, என் பயமா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். இதைக் கொண்டுவரும் லாரிக்காரர் நாளை இங்கே திரும்புகிறார். அவரிடம் பதில் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்
நொயெமி

*

கோபான்
செப்டம்பர் 18

அன்பு நொயெமி,

காப்பிப்பொடி வந்தது. பரீட்சை நேரம், கோபிக்காதே.

நீ களைத்திருக்கிறாய். அப்பா முப்பது வருடமாக அங்கே மழை விட உபவாசமிருக்கிறார், மலை அசைந்ததில்லை. மனதில் தோன்றுவதையெல்லாம் தேவனுடைய குரல் என்று எண்ணாதே. கதவைத் திறந்துவிடு. ஜனவரியில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள், இப்போதே அவரோடு மல்லுக்கு நிற்காதே.

எலியாஸ்

*

சான் ரமோன் குன்று
செப்டம்பர் 20

எலியாஸ்,

உங்கள் அப்பா இறந்துவிட்டார். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் என்னால் எழுதவே முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. நேற்றுக் காலை சபை மழையில் நின்று திட்டியது. "சாவியக் குடுடி. உன்னையா போதகரா வச்சாங்க?" என்றாள் என் சொந்த அத்தை தொமிங்கா. கடைசியில் குழந்தைகள் நடுங்குவதைப் பார்த்து எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

உங்கள் அப்பா மட்டும் போகவில்லை. ஆலயத்தின் பக்கவாட்டு ஜன்னலில் ஏறினார். "நீ பூட்டிக்கோ தாயி. நான் எம் பிதாவோட வீட்டுக்குப் போறேன்."

காலைப் பிடித்து இழுத்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான். மூப்பர், வருங்கால மாமனார், ஒருவேளை நான் மறுபடியும் தவறியிருந்தால்? கை எழவில்லை. பதினோரு மணிக்கு மலை ஆலயத்தின் மேல் இறங்கியது. மாலையில்தான் அவரை எடுத்தோம்.

நாற்பது பேர் பிழைத்ததற்காக என்னை ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறார்கள். வாய் வரவில்லை. மற்றவர்களுக்காகத் தேவன் தந்த அதே ஞானம்தான் உங்கள் அப்பாவுக்கும். அந்த ஜன்னலடியில் மட்டும் நான் அதை நம்பவில்லை. இனி என்னை மணக்க முடியாது என்று நீங்கள் எழுதினால் எனக்குப் புரியும்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு மேலே, எப்போதும் தெளிந்து வரும் ஊற்று சேறாக வருகிறது. நான் யாரையும் கேட்கவில்லை. கிளம்புங்கள் என்றேன். தொமிங்கா அத்தைதான் முதலில் எழுந்து பாயைச் சுருட்டினாள். மேட்டுக் காப்பிக் கிடங்குக்குப் போகிறோம். உங்கள் அப்பாவையும் சுமந்துகொண்டுதான்.

அடக்கத்துக்கு வரும்போது கீழ்ச்சாலையில் வராதீர்கள். சுற்றி வாருங்கள், ஒரு நாள் கூடுதலானாலும். காத்திருக்கிறோம்.

நொயெமி