ஓய்வுநாளில் எரிந்த அடுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு, வில்னேர் வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன சனிக்கிழமை இந்த அயல்நாட்டுக் கரும்புத் தோட்டத்தில் எனக்கு லேசான காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக லாரி கேட்டோம். "ஹைத்திக்காரனுக்கு லாரி கிடையாது" என்றான் மேஸ்திரி. நாங்கள் வெட்டும் கரும்புக்கு மட்டும் லாரி உண்டு.

பக்கத்து அறை மிர்லாந்த் அக்கா, எங்கள் சபையின் ஓய்வுநாளான சனிக்கிழமை தீக்குச்சியைக்கூடத் தொடாதவர். அன்று அடுப்பு மூட்டி எனக்குக் கஞ்சி காய்ச்சினார். சபை மூப்பர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஓய்வுநாள்ல அடுப்பா, சகோதரி? கட்டளை மறந்துபோச்சா?"

"அன்புதான்யா எல்லாக் கட்டளையும். இவன் காலைப் பிடிங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

மூப்பர் பிடித்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க என் வாந்தி. வழியெல்லாம் அவர் என்னைக் கீழே இறக்கவேயில்லை. இப்போது தேறிவிட்டேன்.

வெயிலுக்குக் கட்ட உங்கள் பழைய தலைத்துணி ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வில்னேர்